குழந்தைகள் அறைக்கு அலமாரி: இரும்பு பீரோவா, பிளைவுட்டா, கடையில் கிடைக்கும் ஆயத்த அலமாரியா?

மழைத்துளி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் உள்ள ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஆறு வயது மகளும் இரண்டு வயது மகனும் படுத்துறங்கும் அறைக்கு ஓர் அலமாரி வாங்க வேண்டும். அறை பத்தடிக்கு ஒன்பதடி. மேற்குச் சுவரில் ஐப்பசி தொடங்கி தை வரை ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர்கிறது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு வீட்டுக்கு மாற நேரிடும் என்பதால், வாங்குவது லாரியில் ஏற்றி இறக்குவதையும் தாங்க வேண்டும்.

கடைகளில் கேலிச்சித்திரங்கள் அச்சிட்ட இரட்டைக் கதவு அலமாரிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மகளுக்கு அவற்றின் மேல் மிகுந்த ஆசை. என் கணவர் இரும்பு பீரோ போதும் என்கிறார். மாமியாரோ, ஆசாரியை வரவழைத்துப் பிளைவுட்டில் செய்துகொண்டால்தான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். எங்களால் ஒதுக்க முடிந்த தொகை 15,000 ரூபாய். மகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வரையிலாவது அது உழைக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. புதிய பலகை அலமாரிகளைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வருகிறதே, அது குழந்தைகளுக்குத் தீங்கானதா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தச்சுப்பட்டறை

வணக்கம் சகோதரி. செங்கல்பட்டில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். மரவேலை செய்பவனாக இருந்தும், உங்கள் வீட்டின் நிலைமைக்கு இரும்பு பீரோவைத்தான் பரிந்துரைப்பேன். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் சித்திர அலமாரிகளில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டால் ஆனவை. மரச்சில்லுகளையும் தூளையும் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்யப்படும் அந்தப் பலகையின் மேற்பரப்பு வழவழப்பாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் வெட்டிய ஓரங்களில் ஒட்டியிருக்கும் பட்டை எங்கேனும் பெயர்ந்துவிட்டால், தரை துடைக்கும் ஈரம் மட்டுமே போதும்: அடிப்பகுதி ஊறி உப்பிவிடும், உலர்ந்த பிறகும் பழைய அளவுக்குச் சுருங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் பகுதியில் நீர் நின்றதை நீங்கள் அறிவீர்கள். அப்படி நீரில் நின்ற பார்ட்டிகிள் போர்டை எந்த ஆசாரியாலும் மீட்டுத் தர இயலாது. மேலும், அதில் ஒரு முறை ஏறிய திருகாணியைக் கழற்றி மறுபடி அதே துளையில் ஏற்றினால் பிடிமானம் பாதிகூட இருக்காது என்பதால், வீடு மாறும் குடும்பங்களுக்கு அது ஏற்றதன்று.

நெடி பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. இத்தகைய பலகைகளின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடு மெல்ல மெல்லக் காற்றில் கலப்பதால் வரும் நெடி அது. வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போது அதிகமாக வெளியேறும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்காக வீட்டில் ஒரு பலகையும் கூடாது என்று பொருளில்லை. ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளியேறும் ‘இ1’ அல்லது ‘இ0’ வகைப் பலகையா என்று கேட்டு வாங்குவதும், வெட்டிய ஓரங்கள் எல்லாம், கண்ணுக்குத் தெரியாத பின்புற ஓரங்கள் உட்பட, மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதும், வாங்கிய பின் சில வாரங்கள் கதவுகளைத் திறந்தபடி காற்றோட்டமான இடத்தில் வைத்திருப்பதும் நல்லது. கண்ணைக் கரிக்கும் அளவுக்கு நெடி இருக்கும் அலமாரியைக் குழந்தைகள் உறங்கும் அறையில் அன்றே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நல்ல பிளைவுட் ஈரத்தையும் தாங்கும், திருகாணியையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையிலேயே எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்குவது) என்ற வகைகள் உண்டு. ஓதம் உள்ள அறைக்கு எம்.ஆர். வகை போதாது. ஐ.எஸ். 710 எனப்படும் மரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் ஒட்டு விடாதது, ஆனால் விலை கூடுதல். நாலரை அடி உயரமும் மூன்றடி அகலமும் கொண்ட அலமாரிக்கே 18 மி.மீ. கனத்தில் எட்டடிக்கு நான்கடிப் பலகைகள் இரண்டும், பின்புறத்துக்கு 6 மி.மீ. பலகையும் தேவைப்படும். மைக்கா, கீல், கைப்பிடி, கூலி எல்லாவற்றையும் சேர்த்தால் 15,000 ரூபாய்க்குள் நேர்மையாகச் செய்து முடிப்பது கடினம். அந்தத் தொகைக்குச் செய்து தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், பலகையின் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதனருகே உள்ள உரிம எண்ணையும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

இரும்பு பீரோவைப் பொறுத்தவரை, தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். தகட்டின் கனத்தைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிதாகும் என்பதை அறியாதவர்கள் பெரிய எண்ணைக் கேட்டு ஏமாந்துவிடுகிறார்கள். 0.8 மி.மீ. இருந்தால் வீட்டுப் பயன்பாட்டுக்குத் தாராளம். கதவின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ‘டப்’ என்று உள்வாங்கி மீண்டால் தகடு மெலிது, அல்லது பின்னால் தாங்குபட்டை வைக்கவில்லை. பிறகு தட்டுகளின் ஓரத்தை விரலால் தடவுங்கள். தகடு உள்ளே மடிக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டிய விளிம்பு அப்படியே இருந்தால் குழந்தையின் கையைக் கிழித்துவிடும். பவுடர் கோட்டிங் (தூளாகத் தெளித்துச் சூட்டில் உருக்கிய வண்ணப்பூச்சு) மூலைகளின் உள்பக்கம் வரை சீராகப் பரவியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும். தட்டுகளை இடம் மாற்றிப் பொருத்தும் வசதி இருந்தால், குழந்தை வளர வளர உயரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கடற்கரைச்சாலை

ஐயா சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் திருவான்மியூரில் கடலிலிருந்து நடக்கும் தொலைவில் வசிப்பவள் என்ற முறையில், இரும்பு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உப்புக்காற்றில், கோட்டிங் கீறிய இடமெல்லாம் துரு பிடித்துப் பள்ளிச் சீருடையில் கறை படிகிறது. வேளச்சேரி அளவுக்கு உள்ளே இருந்தால் இது பெரிய சிக்கலாக இருக்காது. கீறல் விழுந்தவுடன் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு ரெட் ஆக்ஸைடு என்ற துருத்தடுப்புப் பூச்சைப் பூசி, மேலே வண்ணம் தீட்டினால் போதும்.

நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. மழைத்துளி அவர்களே, உங்கள் கேள்வியில் இரண்டு வயது மகன் இருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு அதுதான் மனத்தில் நிற்கிறது. எந்தப் பொருளால் ஆன அலமாரியை வாங்கினாலும், அதைச் சுவரோடு பிணைக்காமல் அந்த அறையில் வைக்காதீர்கள். அமெரிக்காவில் இழுப்பறை அலமாரிகள் குழந்தைகள் மேல் கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு, 2016ஆம் ஆண்டு ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அங்கே 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயத் தரம், 27 கிலோ எடை வரையுள்ள குழந்தை தொற்றினாலும் துணி அலமாரி கவிழக் கூடாது என்ற நோக்கில் சோதனைகளை விதிக்கிறது. நம் ஊர்க் கடைகளில் அலமாரி வாங்கும்போது சுவரில் பிணைக்கும் பட்டையைக் கொடுக்கும் வழக்கமே அரிது. நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கீழிருந்து மேலாக இழுப்பறைகள் அமைந்த அலமாரியைச் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்ப்பது மேல். திறந்த இழுப்பறைகள் குழந்தைக்குப் படிக்கட்டுகளாகிவிடுகின்றன. ஏறும் குழந்தையின் எடை முழுவதும் முன்பக்கம் விழுகிறது. தொலைக்காட்சிப் பெட்டியையோ விளையாட்டுப் பொருள்களையோ அலமாரியின் உச்சியில் வைப்பது, ஏறி எடு என்று குழந்தையை அழைப்பதற்குச் சமம்.

இரும்பு பீரோ என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணாமூச்சி விளையாடும் குழந்தை உள்ளே ஒளிந்துகொண்டு கதவு சாத்திக்கொண்டால், உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. கதவும் நெருக்கமாகப் பொருந்தும். ஆகவே குழந்தை நுழையும் அளவுக்கு இடைவெளி விடாமல் தட்டுகளை நெருக்கமாகப் பொருத்துங்கள், பயன்படுத்தாத நேரத்தில் பூட்டி வையுங்கள், சாவியைக் கதவிலேயே தொங்கவிடாதீர்கள். துணிகளுக்கிடையே பாச்சை உருண்டை போடும் பழக்கமும் வேண்டாம். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுவிடும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதிலுள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து, கைக்கெட்டாத மேல்தட்டில் வைத்தால் போதும்.

பழையமரம்

பழைய தேக்கு அலமாரி கிடைத்தால் அதையும் யோசிக்கலாம் என்பது என் கருத்து. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவிலும், சென்னையில் பழைய வீடுகளை இடிக்கும் இடங்களிலும் கிடைக்கும் மரம், இன்று புதிதாக வாங்கும் எந்தப் பலகையையும்விட நீண்ட காலம் நிற்கும். ஆனால் குழந்தைகள் அறைக்கு என்றால், வண்ணம் பூசிய பழைய சாமான்களைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டு வண்ணப்பூச்சுகளில் காரீயத்தின் அளவு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு உரிந்து, குழந்தையின் வாய்க்குள் போகும் அபாயம் இருக்கிறது. அதை வீட்டிலேயே சுரண்டி எடுப்பதோ காரீயத் தூளை அறை முழுவதும் பரப்பிவிடும். பாலிஷ் மட்டும் போட்ட மரமாகப் பார்த்து, பூச்சி அரித்ததைக் காட்டும் சிறு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வாங்கலாம்.

மழைத்துளி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரும்பு பீரோதான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன. சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ வீட்டு உரிமையாளர் அனுமதிப்பதில்லை. மேலும், ஓதத்துக்காகச் சுவரைவிட்டு விலக்கி வைத்தால் சுவரோடு எப்படிப் பிணைப்பது?

தச்சுப்பட்டறை

முதலில், மேற்குச் சுவரை மறந்துவிடுங்கள் சகோதரி. அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவர் ஒன்று காய்ந்திருக்கும். பீரோ அங்கே நிற்கட்டும். அதிலும் காற்று புக இரண்டங்குலம் இடைவெளி வேண்டும் என்றால், இரண்டங்குலக் கனமுள்ள மர ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றைப் பீரோவின் தலைமட்டத்தில் சுவரில் பிணைத்து, பீரோவை அந்த ரீப்பரோடு எல் வடிவப் பட்டையால் பிணையுங்கள். இடைவெளியும் கிடைக்கும், பிடிப்பும் கிடைக்கும். பீரோவின் பின்தகடு மெலிது என்பதால் அதில் திருகாணி ஏற்றாதீர்கள். மேல்விளிம்பில் தகடு மடிந்து இரட்டையாக இருக்கும் இடத்தில் துளையிட்டு, வாஷரோடு நட்டு போல்ட்டு போடுங்கள். துளையின் ஓரத்தில் ரெட் ஆக்ஸைடு ஒரு தொடுகை தேவை.

செங்கல் சுவருக்கு இரண்டு துளைகளும் நைலான் பிளக்கும் போதும். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் கற்களால் ஆன சுவராக இருந்தால் அதற்கென உள்ள விரியும் ஆங்கரைக் கேட்டு வாங்க வேண்டும். காலி செய்யும்போது துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, அதே நிறத்தைப் பூசிவிட்டால் தடம் தெரியாது. இதை நீங்களே செய்து தருவதாக உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். குழந்தையின் பாதுகாப்புக்காக என்று காரணத்தைச் சொன்னால், பெரும்பாலானோர் மனம் இளகுவார்கள்.

அவர் அப்படியும் மறுத்தால், ஆறரை அடி பீரோவை வாங்காதீர்கள். நாலரை அடி உயரத்தில், இழுப்பறை இல்லாததாக ஒன்றைத் தேர்ந்து, கனமான போர்வைகளையும் புத்தகங்களையும் அடித்தட்டில் அடுக்கி, முன்கால்கள் இரண்டின் அடியிலும் மெல்லிய ரப்பர்த் துண்டு வைத்துச் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். இவை ஆபத்தைக் குறைக்குமே தவிர, பிணைப்புக்கு ஈடாகா; ஆகவே மகன் அந்த அறையில் தனியாக இருக்கும்போது பீரோ பூட்டியே இருக்க வேண்டும்.

மகளின் ஆசைக்கும் வழி இருக்கிறது. வெளிர் நிறத்தில் வாங்கி, அவளுக்குப் பிடித்த படங்களைக் காந்தத் தகடுகளாகக் கதவில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். படம் சலித்துப்போனால் மாற்றிக்கொள்ளலாம், பூச்சும் உரியாது. தம்பியின் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிய காந்தங்களை மட்டும் வாங்க வேண்டாம்.