பிராவோ வான்வெளி: அப்பாவை அழைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவைக் கடக்க வேண்டும்

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். பாலோ ஆல்டோ விமான நிலையத்திலிருந்து ஒரு சங்கத்தின் செஸ்னா 172 விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். தனியார் விமானி உரிமம் கைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பதிவேட்டில் 96 மணி நேரம் இருக்கிறது.

அக்டோபர் முதல் வாரம் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறார். அவருக்கு 71 வயது. பாபநாசம் மலைப்பாதையில் காரையாறு பஸ்ஸை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவர் பக்கத்தில், சூடான இன்ஜின் மூடியின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்து போவேன். இப்போது நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோல்டன் கேட் பாலத்தை மேலிருந்து பார்க்க வேண்டும். இந்த உரிமத்துக்காகச் செலவழித்த பணத்துக்கும் விடிகாலைகளுக்கும் பின்னால் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

நடுவில் சான் பிரான்சிஸ்கோ பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றி, கட்டுப்பாட்டாளரின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத பிராவோ வான்வெளி. அதற்குள் நுழைவதை நினைத்தாலே, நெல்லையப்பர் தேரோட்டத்தன்று ரத வீதியைச் சைக்கிளில் குறுக்கே கடப்பது போலத் தோன்றுகிறது. போன மாதம் தனியாக முயன்றேன். ரெட்வுட் ஷோர்ஸில் ஆரக்கிள் நிறுவனத்தின் நீலக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு மேலே வரும்போது கட்டுப்பாட்டாளரை ரேடியோவில் அழைத்தேன். பதிலில் பாதிதான் பிடிபட்டது. “ரேடார் காண்டாக்ட்” என்பது கேட்டது. அதன் பிறகு ஓர் உயரம் சொன்னார்கள். அனுமதி கிடைத்துவிட்டதா, இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி கேட்க நாக்கு எழவில்லை. அலைவரிசையில் ஒருவர் பேசி முடிக்கும் முன் அடுத்தவர் தொடங்குகிறார். வலப்பக்கம் திருப்பி டம்பார்ட்டன் பாலத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். இறங்கிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

உள்ளே போகலாம் என்பதை எப்படி உறுதி செய்துகொள்கிறீர்கள்? என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியுமா என்ற கவலையும் இருக்கிறது. ஹாஃப் மூன் பே பக்கம் கடற்கரையைப் பிடித்துச் சுற்றிப் போய்விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்வழி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. தெரியாத நிலையில் திரும்பினீர்களே, அதுதான் சரியான முடிவு. அதற்காக வெட்கப்பட வேண்டாம். நான் பதினோரு வருடமாக ஹேவர்டிலிருந்து பறக்கிறேன். நீங்கள் செய்யாமல் தப்பித்த தவறை நான் செய்திருக்கிறேன்.

அது வேறொரு மாநிலம், வேறொரு பெரிய நகரம். ராடாரில் என்னைப் பார்த்துவிட்டார்கள், ராடாரில் அடையாளம் காட்டும் ஸ்குவாக் எண் கொடுத்துவிட்டார்கள், பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். ஆகவே உள்ளே போகலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எல்லைக்கோட்டைத் தாண்டி இரண்டு மைல் போனதும், “ஒரு தொலைபேசி எண் தருகிறேன், எழுதிக்கொள்ளத் தயாரா?” என்றது குரல். தரையிறங்கி அந்த எண்ணை அழைக்கும்வரை என் வயிறு பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. தவறு முழுக்க என்னுடையது. நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை ஒன்று 1976 முதல் இருக்கிறது. தெரியாமல் செய்த தவறைப் பத்து நாட்களுக்குள் அதில் எழுதி அனுப்பிவிட்டால் உரிமத்தின் மேல் தண்டனை விழாமல் காக்கும். அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கே விளங்கியது, என் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று.

நாம் பழகுவது சிறிய, நடுத்தர நிலையங்களைச் சுற்றியுள்ள டெல்டா, சார்லி வான்வெளிகளில். அங்கே கட்டுப்பாட்டாளர் நம் அழைப்புக்குறியை, அதாவது விமானத்தின் ரேடியோ பெயரை, சொல்லிப் பதில் கொடுத்தாலே போதும். அழைப்புக்குறியோடு “ஸ்டாண்ட் பை” என்று சொன்னால்கூடத் தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு. வேறு தடை சொல்லாதவரை உள்ளே போகலாம். பிராவோ அப்படி இல்லை. அங்கே உங்கள் அழைப்புக்குறியோடு “கிளியர்டு” என்ற சொல் காதில் விழ வேண்டும். “கிளியர்டு இன்டு தி பிராவோ” என்றோ “கிளியர்டு த்ரூ தி பிராவோ” என்றோ வரும். ராடாரில் தெரிகிறீர்கள் என்பதும், உயரம் சொன்னார்கள் என்பதும் அனுமதி ஆகாது. அந்தச் சொல் வரவில்லை என்றால் கேளுங்கள்: “கன்ஃபர்ம் கிளியர்டு இன்டு தி பிராவோ?” நான்கு விநாடிக் கேள்வி. எவ்வளவு நெரிசலிலும் அதற்கு இடம் உண்டு. அவர்களும் அந்தக் கேள்வியைத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் கேட்காமல் உள்ளே வந்த ஒருவரால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸ் நகரின் மேல் ஒரு சிறிய பைப்பர் விமானம் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட வான்வெளிக்குள் நுழைந்து, ஏரோமெக்சிகோவின் டிசி-9 மீது மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அந்தப் பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) உயரத்தைச் சொல்லாத வகை. இன்று நாம் உயரம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் இல்லாமல் சான் பிரான்சிஸ்கோ நிலையத்தைச் சுற்றி 30 மைலுக்குள் பறக்க முடியாததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

வான்வெளியின் வடிவத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். கோயில் கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி. நிலையத்தின் மேல் தரையிலிருந்து 10,000 அடிவரை நேராக எழும்பும். வெளியே போகப் போக அடித்தளம் படிப்படியாக உயரும். 1:250,000 அளவிலான முனைய வரைபடத்தை அச்சிட்ட தாளிலேயே வாங்கி, நீங்கள் போகும் வழியில் ஒவ்வொரு படியின் அடித்தள உயரத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். பெரிய பரப்பைக் காட்டும் வழக்கமான வரைபடத்தில் அந்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

உச்சரிப்பைப் பற்றி: என் ஊர் சிவகாசி. என் ஆங்கிலத்தில் இன்றும் அந்த மண் இருக்கிறது. ஒரு கட்டுப்பாட்டாளர்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை. அவர்களுக்கு வேண்டியது வரிசை: யார், எங்கே, எந்த உயரம், என்ன வேண்டும். தொடையில் கட்டும் பலகையில் ஒரு தாளை வைத்து முதல் அழைப்பை முழுதாக எழுதிவிடுங்கள். கீழே பதிலுக்காக ஐந்து கட்டம் போடுங்கள்: ஸ்குவாக், அலைவரிசை, உயரம், வழி, ஐந்தாவது “கிளியர்டு”. அந்த ஐந்தாவது கட்டத்தில் டிக் விழாமல் எல்லையைத் தொடாதீர்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்று, எல்லைக்கு அருகே போய் அழைத்தால் யோசிக்க நேரம் இருக்காது. சான் கார்லோஸுக்குத் தெற்கே இருக்கும்போதே அழையுங்கள். அதற்கும் முன்னால், புறப்படுமுன் தரைக் கட்டுப்பாட்டிடம் “பே டூர்” (வளைகுடாவைச் சுற்றிப் பார்க்கும் பறப்பு) போக விருப்பம் என்று சொல்லி, அவர்களால் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மேகமலை எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஒன்றுதான் சேர்ப்பேன்: முதல் தடவை அப்பாவோடு போகாதீர்கள். ஒரு பயிற்சியாளரை வலப்பக்கத்தில் உட்கார வைத்து அதே வழியில், அதே கிழமை, அதே நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். ஒன்றரை மணி நேரச் செலவு. அப்பா ஏறும் நாளில் உங்களுக்குப் புதியதாக இருக்க வேண்டியது அவருடைய முகம் மட்டும்தான்.

கடற்கரைச் சுற்றுவழி எனக்குப் பிடிக்காது. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் பசிபிகா பக்கம் மூடுபனி எப்போது கரையேறும் என்று சொல்ல முடியாது. மேலே பிராவோவின் அடித்தளம், கீழே பனி, வலப்பக்கம் மலை. அந்த இடுக்கில் ஒற்றை இன்ஜினோடு நிற்பதைவிட, ராடாரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க ஓடுபாதைக்குப் பக்கத்தில் பறப்பது எவ்வளவோ மேல்.

முப்பதாம்நிலை எழுதியது:

மேலிருந்து பார்ப்பவனாகச் சொல்கிறேன். நான் ஏர்பஸ் 320 விமானத்தில் துணை விமானி. அந்த ஊரின் 28 இடது, 28 வலது ஓடுபாதைகளில் பலமுறை இறங்கியிருக்கிறேன். இரண்டின் மையக்கோடுகளுக்கும் இடையே 750 அடிதான். நான் இறங்கிய நாட்களில், நல்ல வானிலை என்றால் பக்கத்துப் பாதையில் இன்னொரு ஜெட் எங்களோடு கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கண் அதன்மேல் இருக்கும். அந்த நேரத்தில் நகரத்தின் கூரைகளுக்கு மேல் ஒரு வெள்ளை செஸ்னாவைக் கண்டுபிடிப்பது கடினம். தயவுசெய்து தரையிறங்கு விளக்கை எரிய விடுங்கள்.

பிராவோவுக்குள் உங்களையும் எங்களையும் பிரித்து வைப்பது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. எங்களைப் போன்ற ஜெட்டிலிருந்து 500 அடி உயரமோ ஒன்றரை மைல் தூரமோ விட வேண்டும். ஆனால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. “அந்த விமானத்தைப் பார்க்கிறீர்களா?” என்று உங்களிடம் கேட்பார்கள். பார்த்தேன் என்றால், விலகி நிற்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடும். உண்மையாகவே கண்ணில் பட்டால் மட்டும் சொல்லுங்கள். பார்த்தது பிறகு மறைந்துவிட்டால் உடனே அதையும் சொல்லுங்கள். 1978 செப்டம்பர் 25, சான் டியாகோ: பிஎஸ்ஏ 182 என்ற பயணிகள் விமானத்தின் விமானிகள் முன்னால் இருந்த செஸ்னா 172-ஐப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு அது கண்ணிலிருந்து தவறியது. தவறியதைக் கட்டுப்பாட்டாளருக்குப் புரியும்படி சொல்லவில்லை. 144 உயிர்கள் போயின. நான் பயிற்சி பெற்ற காலத்தில் அந்த விமானி அறை உரையாடலின் எழுத்துப் பிரதியைப் படித்தேன். அன்றிலிருந்து “கண்ணில் படவில்லை” என்று சொல்ல நான் தயங்கியதே இல்லை.

பெரிய விமானம் விட்டுச் செல்லும் காற்றுச் சுழலும் கவனம். அது நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழே இறங்கும், காற்றோடு நகரும். ஆகவே பெரிய விமானம் போன தடத்துக்கு மேலே இருங்கள், கீழே போகாதீர்கள். கொடுத்த வழி அப்படிக் கீழே கொண்டுபோகிறது என்று தோன்றினால் “அனேபிள்” (என்னால் முடியாது) என்று சொல்லுங்கள். அந்தச் சொல் உங்கள் உரிமை. வேறு வழி கொடுப்பார்கள்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம். முன்கூட்டியே பயிற்சியாளரோடு ஒருமுறை போனேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு.

ஏறும் முன் அப்பாவிடம், “நான் கையை உயர்த்தினால் பேசக் கூடாது அப்பா” என்று சொன்னேன். “பஸ்ஸில் டிரைவருடன் பேசாதீர்கள் என்று எழுதி வைத்திருப்போமே, அதுதானே” என்றார். அதன் பிறகு நான் கையை உயர்த்த வேண்டியே வரவில்லை.

சான் கார்லோஸுக்குத் தெற்கிலேயே அழைத்தேன். தாளில் எழுதியதை வரி பிறழாமல் படித்தேன். ஸ்குவாக், அலைவரிசை இரண்டு கட்டங்களும் நிறைந்தன. பிறகு வந்தது அனுமதி அல்ல. பிராவோவுக்கு வெளியே இருக்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர், ஒரு பெண். சான் மேட்டியோ பாலத்துக்குத் தெற்கே சதுப்பு நிலத்தின் மேல் இரண்டு வட்டம் போட்டேன். போன மாதம் என்றால் திரும்பியிருப்பேன். தாளில் ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வட்டம் முடியும்போது என் அழைப்புக்குறி வந்தது. “கிளியர்டு இன்டு தி பிராவோ”, 101 நெடுஞ்சாலையின் மேலாக, 1,500 அடிக்கு மேற்படாமல். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னேன். பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி டிக் போட்டேன்.

கொயோட்டி பாயிண்ட் தாண்டியதும் வலப்பக்கம் நிலையம் முழுவதும் விரிந்தது. அப்பா பக்கம்தான். வளைகுடாத் தண்ணீரின் மேலிருந்து இரண்டு விமானங்கள் ஜோடியாக இறங்கி வந்தன. ஒன்றைப் பார்க்கிறேனா என்று கேட்டார்கள். தேடினேன், கிடைக்கவில்லை. “கண்ணில் படவில்லை” என்றேன். அடுத்த விநாடியே என்னைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தினார் அந்தப் பெண். நகர்ந்த பிறகு அப்பா ஒன்றும் பேசாமல் விரலை நீட்டினார். என் இறக்கைத் தாங்குகம்பிக்குப் பின்னால், நான் தேடாத இடத்தில், அது ஓடுபாதையில் சக்கரம் பதித்துப் புகை கிளப்பிக்கொண்டிருந்தது.

பாலத்தின் மேல் பனி இல்லை. 746 அடி உயரத் தூண்கள் இரண்டும் தண்ணீர்வரை தெரிந்தன. அப்பா பாலத்தைவிட அதன் மேல் போகும் பஸ்களைத்தான் அதிகம் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பாலோ ஆல்டோவில் இறக்கையைக் கயிற்றால் கட்டும்போது கேட்டார்: “நம்மைச் சுற்ற வைத்தது ஏன்?” வரும் விமானங்களுக்கு வழிவிடத்தான் என்றேன். “ஊசி வளைவில் மேலேறி வரும் வண்டிக்காக ஒதுங்கி நிற்போமே. அங்கே எங்களுக்கு ஆரன்தான். இங்கே உனக்கு ஒரு ஆள் இருக்கிறார்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பெண்ணின் குரலில் ஒரு தடவைகூட எரிச்சல் இல்லை, தம்பி. நேரில் பார்த்து ஒரு நன்றி சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

அப்பா 28ஆம் தேதிவரை இங்கே இருக்கிறார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் போய்ப் பார்க்க விமானிகளுக்கு அனுமதி கிடைக்குமா? யாராவது அண்மையில் போயிருந்தால், யாரிடம் கேட்பது என்று சொல்லுங்கள்.