புகையிலை இட்டுவைக்கும் பைக்குக் ‘காற்றுப்புகாப் பை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சி விரட்டும் கரைசலுக்காக மாடித்தோட்டத்தில் நாலைந்து புகையிலைச் செடி வளர்ப்போர், பாடம் செய்த (உலர்த்திப் பக்குவப்படுத்திய) இலையை இட்டுவைக்கும் பாலித்தீன் பைக்குக் ‘காற்றுப்புகாப் பை’ என்ற சொல் நம் சொல்லாக்கக் குழுமத்தில் முன்மொழியப்பட்டுள்ளது. கேட்டதும் விளங்கும் சொல்தான். ஆயினும் அந்தப் பையின் இயல்புக்கு அது மாறானது என்பதால் என்னால் ஏற்க இயலவில்லை.

பாலித்தீன் நீராவியை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனையோ கணிசமாகக் கசியவிடும். புகையிலைக்கு அது குறையன்று. பாடம் செய்த இலை மாதக்கணக்கில் முதிர்வதற்குச் சிறிதளவு ஆக்சிஜன் உதவுகிறது. ஆகவே அந்தப் பை காப்பது இலையின் ஈரநிலையை மட்டுமே. பெங்களூரில் திறந்து தொங்கவிட்ட இலை மார்ச் மாதத்தில் தொட்டாலே நொறுங்கும். மழை பிடித்த ஆகஸ்டில் அதே இலை ஈரத்துணி போலத் துவளும். பையில் இடத் தகுந்த நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: இலைப்பரப்பைக் கையில் பொத்திப் பிடித்துப் பின் விடுவித்தால் உடையாமல் மெல்ல விரிய வேண்டும், அதே வேளையில் நடுநரம்பை வளைத்தால் சடக்கென ஒடிய வேண்டும். நரம்பும் வளைந்துகொடுத்தால் ஈரம் மிகுதி. அப்படியே பையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இந்த நிலையைக் குறிக்கப் ‘பதம்’ என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது. ஆதலால் ‘பதங்காப்புப் பை’ என்பதை முன்வைக்கிறேன்.

‘ஈரக்காப்புப் பை’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘வெயில்காப்பு’ என்றால் வெயிலிலிருந்து காப்பது என்றே கொள்கிறோம். அவ்வழியில் ‘ஈரக்காப்பு’ என்பதும் ஈரத்திலிருந்து காப்பதாகி, நாம் கருதும் பொருளையே தலைகீழாக்கிவிடும். பதத்திலிருந்து எதையும் காக்க வேண்டியதில்லை என்பதால் ‘பதங்காப்பு’ என்னும் சொல்லில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘பதப்படுத்துதல்’ நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எழலாம். அதை நான் பெரிதாகக் கருதவில்லை, ‘காப்பு’ என்ற பகுதி பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது.

‘காற்றுப்புகாப் பை’ என்பதைக் கைவிட வேண்டியதில்லை. ஆக்சிஜனையும் தடுக்கும் பல்லடுக்குப் பைகள் இருக்கின்றன. அவற்றில் தானியத்தைக் கட்டிவைத்தால் உள்ளிருக்கும் வண்டுகள் ஆக்சிஜன் குறைந்து மடிகின்றன. அலுமினியப் படலம் சேர்த்த பைகளும் இவ்வகையே. அச்சொல் இவற்றுக்கே உரியதாக இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால், இங்குள்ள சிக்பேட்டைக் கடைத்தெருவில் மெல்லிய ஜிப் கவரை வாங்கி இலையை வைப்பவர் உள்ளே வண்டு பிழைக்காது என்று நம்பிவிடுவார். புகையிலை வண்டோ அந்த மெல்லிய பாலித்தீனைத் துளைத்துக்கொண்டு போகக்கூடியது.

தாள் உறை, கோணி ஆகியவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. பைக்குள் ஈரத்தை ஒரே அளவில் வைத்திருக்க இடும் சிறு பொட்டலத்துக்குத்தான் இன்னும் பெயர் சூட்டவில்லை. அதைக் குழுமத்தில் தனி உரையாடல் இழையில் எடுத்துக்கொள்ளலாம். ‘பதங்காப்புப் பை’ குறித்து மறுப்பு உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து