ஜெருசலேமில் ரப்பி படிப்பு: முதல் வெள்ளிக்கிழமையே தடுமாறிவிட்டேன்

கேள்வி:
சிகாகோவில் ஆறு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இப்போது 31 வயதில், ரப்பி (யூத மதகுரு) படிப்புக்காக ஜெருசலேம் வந்திருக்கிறேன். நஹ்லாவோட் பகுதியில் மூன்றாவது மாடியில் ஒரு அறை. வந்து ஒன்பது நாள் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமை மதியம் பயணக் களைப்பில் தூங்கிவிட்டேன். திடீரென்று சைரன். அலறியடித்து எழுந்து வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். கீழ்வீட்டுப் பாட்டி வெள்ளை மேசைவிரிப்பை உதறிக்கொண்டே "சப்பாத், சப்பாத்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் வருவதை அறிவிக்க, வெள்ளியன்று சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது ஊதுவார்களாம். அதற்குள் கடைகள் எல்லாம் அடைத்தாயிற்று. அறையில் அரை ரொட்டியும் கொஞ்சம் ஆலிவும்தான். பசியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சப்பாத்துக்கு ஏற்றிவைக்க இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வைக்கவில்லையே என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

அப்புறம் மொழி. எபிரேய ஜெபப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பேன். கடையில் வெள்ளரிக்காய் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. தல்மூத் (யூதச் சட்ட விவாத நூல்) வகுப்பு வேறு தொடங்கப்போகிறது, அதில் பெரும்பகுதி அரமேயம் என்ற பழைய மொழி. நீங்களெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் 1:
சப்பாத் சைரன் ஒரே சீராக ஊதும். ஏறி இறங்கி ஊதினால்தான் ஆபத்து, உடனே பாதுகாப்பு அறைக்குப் போக வேண்டும். இதை முதலில் காதில் பதிய வையுங்கள்.

சாமான்களை வியாழன் மாலையே வாங்கிவிடுங்கள். அக்ரிப்பாஸ் தெருவைத் தாண்டினால் மஹனே யெஹூதா சந்தை. வெள்ளி காலையில் கால் வைக்க இடம் இருக்காது. பஸ்ஸும் டிராமும் வெள்ளி பிற்பகலில் நின்றால் சனி இரவுதான்.

ஜெப ஆலயத்தில் "இன்று சாப்பிடப் போக எனக்கு வீடில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சகோதரி. விருந்தாளியை வீட்டுக்கு அழைப்பது நமக்குக் கடமை. நான் கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்து, இரண்டு மாதம் தனியாகச் சாப்பிட்டேன்.

பதில் 2:
தல்மூத்தின் முதல் பகுதியான பெராகோத்தில் நான் மூன்று வாரம் ஒரே பக்கத்தில் இருந்தேன். புத்தகம் இரண்டாம் தாளில்தான் தொடங்கும், கிட்டத்தட்ட எல்லாப் பகுதிகளும் அப்படித்தான். முதல் கேள்வி: மாலை ஷெமா ஜெபத்தை எந்நேரத்திலிருந்து ஓதலாம்? பதில்: ஆசாரியர்கள் தங்கள் காணிக்கைப் பங்கைச் சாப்பிட உள்ளே போகும் நேரத்திலிருந்து. இந்தக் கேள்வி வரும், தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா நூல் சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்டது. ஜெருசலேம் கோவில் இடிந்ததோ கி.பி. 70-இல். இல்லாத கோவிலின் ஆசாரியர்களை வைத்து நேரம் சொல்கிறார்கள்! அதைப் பிடித்துக்கொண்டுதான் அரமேயத்துக்குள் போனேன்.

அரமேயத்துக்கு ஜாஸ்ட்ரோ அகராதி பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். ஹவ்ரூத்தாவுக்கு, அதாவது இருவராகச் சேர்ந்து படிக்க, ஒரு ஜோடியைப் பிடித்து, சத்தமாக வாசித்து, சண்டை போட்டுப் படியுங்கள்.

பதில் 3:
ஊர் கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் கல்தரை சில்லிட்டுப்போகும். கனமான கம்பளி சாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சந்தையில் வெள்ளரிக்காயை எபிரேயத்தில் "மெலஃபெஃபோனிம்" என்று கேட்டேன். கடைக்காரர் எபிரேயத்திலேயே விலை சொன்னார். புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன், சொன்னார். மெழுகுவர்த்தி ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். கீழ்வீட்டுப் பாட்டியிடம் இன்று மாலை வரலாமா என்று இப்போதுதான் கேட்டுவிட்டு வந்தேன். எத்தனை மணிக்கு என்றுகூடச் சொல்லவில்லை, நாற்காலியை இழுத்துக் காட்டினார்.