வடக்குத் தோட்டத்துச் சொந்தங்க: சாளை ஓடும் அப்பாரு வண்டியும்

வெள்ளி, காலை 6:48

பழனிசாமி பெரியப்பா: 🌹 காலை வணக்கம் 🌹
பழனிசாமி பெரியப்பா: ஞாயித்துக்கிழமை தோட்டத்துச் சாளை வீட்டு ஓடு பிரிக்க ஆள் வருது. உள்ள கெடக்கிறதை அவங்கவங்க எடுத்துக்கோங்க. எங்க அய்யன் வண்டியும் அங்கதான் நிக்குது. பழைய இரும்புக்காரன் கேட்டுட்டுப் போனான்.
நான்: பெரியப்பா இரும்புக்குப் போட்டராதீங்க!! நான் எடுத்துக்கறேன்
நவீன்: யமஹா ஆர்எக்ஸ் 100 🔥🔥
திவ்யா: அதுல எலி குட்டி போட்டிருந்துச்சே
செல்வி அத்தை: எடுத்துக்கறேன்னா யாரைக் கேட்டு கண்ணு
நான்: அத்தை, ரெஸ்டோர் பண்ணலாம்னு இருக்கேங்க. வின்டேஜ் வண்டி. பின்னாடி ஃபிரேமை வெட்டிட்டு கஃபே ரேசர் ஆக்கலாம், ஒத்தை சீட்டு ரேஸ் வண்டி மாதிரி
நான்: [படம்]
மைதிலி சித்தி: இதுல பின்னாடி யாரு உக்கார்றது
திவ்யா: மொதல்ல பொண்ணு அமையட்டும் சித்தி
அப்பா: 👍
நான்: அப்பா எதுக்கு தம்ஸ் அப்

சுந்தரம் சித்தப்பா: கார்த்தி, வின்டேஜ்னு வெளிய சொல்லிக்காதே. 2021-ல வந்த விதிப்படி 50 வருசம் தாண்டுன வண்டிதான் வின்டேஜ். ஆர்எக்ஸ் 100 வந்ததே 1985 கடைசில. 96-ல நிறுத்திட்டாங்க. நம்முளது 1990 மாடல். 2040 வரைக்கும் அது வெறும் பழைய வண்டி. அடுத்தது, ஃபிரேம்ல கை வெக்காதே. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுல இருக்கு, 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. கலர் மாத்துனா ஆர்.சி-ல ஏத்திக்கலாம். ஃபிரேமை வெட்டுனா வண்டி வீட்டுக்குள்ளதான் நிக்கும்.

நவீன்: சித்தப்பா ரிட்டயர்டு ஆயும் ஃபுல் ஃபார்ம்ல
பழனிசாமி பெரியப்பா: ஆர்.சி யாருகிட்ட
அப்பா: பீரோல
செல்வி அத்தை: எந்த பீரோல
அப்பா: 🙏

சுந்தரம் சித்தப்பா: ஆர்.சி கெடைச்சாலும் அது அய்யன் பேர்ல இருக்குது. 15 வருசம் முடிஞ்சா அப்புறம் 5 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கோணும், அதையும் யாரும் பண்ணல. வாரிசுச் சான்று வாங்கி 31-ஆம் நம்பர் படிவம் போட்டு கார்த்தி பேருக்கு மாத்தோணும். அம்மாவும் நாம நாலு பேரும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட வேண்டி வரும்.

செல்வி அத்தை: கையெழுத்தா
செல்வி அத்தை: கெணத்துப் பங்குக்குக் கேட்டீங்க, போட்டேன். அதுக்கப்புறம் ஒரு தேங்காகூட வரல
பழனிசாமி பெரியப்பா: அதை எதுக்கு இங்க இழுக்கற
பழனிசாமி பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது
செல்வி அத்தை: அழிச்சாலும் நான் பாத்துட்டேன் அண்ணா
மைதிலி சித்தி: தேங்கா விக்கிற விலைக்கு யாரும் அனுப்ப மாட்டாங்க அண்ணி 😄
திவ்யா: காதுகுத்துக்கு எத்தனை தேங்கா சொல்லியிருக்கு?
மைதிலி சித்தி: அதை சாயங்காலம் பேசலாம்

செல்வி அத்தை: அந்த வண்டியே எனக்குச் சீரா வாங்குனது. எல்லாருக்கும் மறந்து போச்சு
ராமசாமி மாமா: நான் அப்பவே வேண்டாம்னு சொல்லிட்டேன்
நவீன்: ஏன் மாமா??
ராமசாமி மாமா: லூனா போதும்னு
செல்வி அத்தை: ஓட்டத் தெரியாது. அதைச் சொல்றதுக்கென்ன

பகல் 1:20

நான்: சித்தப்பா, நேர்ல போய்ப் பாத்தேன். கிக்கர் எறங்கவே மாட்டேங்குது
நான்: [படம்] [படம்]

சுந்தரம் சித்தப்பா: கிக்கர் மேல ஏறி நிக்காதே, பல்லு போயிரும். பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டைல டீசலும் 2டி ஆயிலும் பாதிப் பாதி ஊத்தி ரெண்டு நாள் விட்டுரு. அப்புறம் டாப் கியர்ல போட்டு பின்சக்கரத்தை முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டு. இளகுச்சுன்னா உடனே ஸ்டார்ட் பண்ணிராதே. ஹெட்டையும் சிலிண்டரையும் எறக்கி விரல் விட்டுத் தடவு. கோடு தட்டுச்சுன்னா ரீபோர்தான், சிலிண்டரை உள்ள கடைஞ்சு பெருசாக்கோணும். ஸ்டாண்டர்டு 50 மி.மீ., அதுக்கு மேல 0.25, 0.50ன்னு பிஸ்டன் வரும். பிஸ்டனை வாங்கிட்டுத்தான் லேத்துக்குப் போகோணும், அதை அளந்துதான் போர் அடிப்பாங்க. அப்படியே கிராங்க் ரெண்டு பக்கத்து ஆயில் சீலையும் மாத்திரு. டூ ஸ்ட்ரோக்ல சீல் காஞ்சு போச்சுன்னா காத்தை உறிஞ்சும், பெட்ரோல் கம்மியாப் போகும், சூடேறிப் புது பிஸ்டனும் புடிச்சுக்கும். எல்லாரும் பெயிண்டுக்குக் காசைக் கொட்டிட்டு சீலுக்குக் கணக்குப் பாப்பாங்க.

திவ்யா: பிடிஎஃப்-ஆப் போடுங்க சித்தப்பா
நவீன்: டேங்க்குக்கு என்ன பண்றது? உள்ள பூரா துரு
சுந்தரம் சித்தப்பா: சின்ன நட்டும் பழைய செயின் துண்டும் போட்டுக் குலுக்கு. வினிகர் ஊத்தி ஊற வை. கழுவுனதும் நல்லாக் காய விடோணும், இல்லாட்டி மறுநாளே துரு புடிக்கும். ஆயில் பம்ப்பை நம்பாதே, மொத டேங்குக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி கலந்தே ஊத்து. பொகையும், பரவாயில்ல.
மைதிலி சித்தி: வினிகரா 😳 எங்கிட்ட ஊறுகாய்க்கு வாங்குனதுதான் இருக்கு
சுந்தரம் சித்தப்பா: இன்னொண்ணு. எதைத் தொடறதுக்கும் முன்னாடி, ஹேண்டில் கழுத்துல அடிச்சிருக்கிற சேஸ் நம்பரை மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சு ஆர்.சி-யோட ஒத்துப் பாரு. பெயிண்டர் பட்டி பூசி மூடிருவான். மேல டேப் ஒட்டச் சொல்லு.
அப்பா: ஆர்.சி பீரோல இல்ல
நான்: 🤦

மைதிலி சித்தி: அப்பத்தா பேசறாங்க 👇
மைதிலி சித்தி: [குரல் பதிவு 0:41]
திவ்யா: என்ன சொல்றாங்க? இங்க ஆபீஸ், கேக்க முடியல
நவீன்: வண்டிய யாரு வேணாலும் எடுத்துக்கோங்க, சைடு பாக்ஸ்ல அப்பாரு வெச்ச வெத்தலைப் பொட்டிய மட்டும் குடுத்துருங்கன்னு
நான்: பாக்ஸ் பூட்டியிருக்கு. சாவி இல்ல
செல்வி அத்தை: கார்த்தி, ஃபிரேமை வெட்டுனா கையெழுத்து கெடையாது. செவப்புக் கலரும் மாறக் கூடாது
நான்: வெட்டலைங்க அத்தை. சீட்டும் ஹேண்டிலும் மட்டும்?
செல்வி அத்தை: பாக்கலாம்
பழனிசாமி பெரியப்பா: ஓடு பிரிக்கிற ஆளு புதன்கிழமைதான் வர்றானாம்
நான்: அப்ப டெம்போ புதனுக்கா?
மைதிலி சித்தி: போன தடவ வந்த டெம்போ வேண்டாம், கிரைண்டர் கல்லை ஒடச்சவன்
பழனிசாமி பெரியப்பா: இரும்புக்காரனுக்கு என்ன சொல்றது
அப்பா: 👍
ராமசாமி மாமா: சாவி எங்கிட்ட இருக்குது
செல்வி அத்தை: ???