பெரியப்பா போட்ட ஃபார்வர்டு

பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) அமெரிக்காவில் அதிரடிச் சட்டம்!! பிள்ளை கொலை செய்தால் பெற்றவர்களுக்கும் தூக்கு. மிச்சிகன் மாநிலத்தில் தாய், தகப்பனுக்குத் தீர்ப்பு. பெற்றோர் அனைவரும் பகிரவும் 🙏🙏

அத்தை: ஐயோ, நம்ம பாப்பா அந்த ஊர்தானே?

நான்: இருக்கிறேன் அத்தை. பெரியப்பா, மிச்சிகனில் தூக்கே கிடையாது. கொலைக்கு மரண தண்டனை வேண்டாம் என்று 1846லேயே முடிவு செய்த மாநிலம் இது.

பெரியப்பா: அப்போ செய்தி பொய்யா?

நான்: பாதி உண்மை. பெற்றவர்கள் இரண்டு பேரும் ஜெயிலில் இருப்பது நிஜம். நான் இருக்கும் இதே ஓக்லண்ட் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வழக்குதான். ஆக்ஸ்ஃபோர்ட் என்று ஒரு சின்ன ஊர். 2021 நவம்பர் 30, அங்குள்ள ஹைஸ்கூலில் 15 வயசுப் பையன் துப்பாக்கியால் சுட்டதில் நாலு பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஏழு பேருக்குக் காயம்.

அம்மா: கேட்கவே வயிற்றைப் பிசைகிறது.

வக்கீல் சித்தப்பா: பையனுக்கு என்ன தண்டனை?

நான்: வயசு வந்தவனாகவே கருதி 24 குற்றச்சாட்டுகளில் வழக்குப் போட்டார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். 2023 டிசம்பரில் ஆயுள், பரோல் கிடையாது.

பெரியப்பா: 🎤 குரல் பதிவு 1:12

அண்ணன்: அப்பா, பஸ்ஸில் நிற்கிறேன். டைப் செய்யுங்கள்.

பெரியப்பா: பையன் செய்ததற்கு அப்பன், ஆத்தாளை உள்ளே தள்ளுவது என்ன நியாயம் என்று கேட்டேன். அவ்வளவுதான்.

நான்: அவன் செய்ததற்காக இல்லை பெரியப்பா. அவர்கள் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும். துப்பாக்கியை அப்பா ஜேம்ஸ் கிரம்ப்ளி வாங்கினது சம்பவத்துக்கு நாலு நாள் முன்னால்தான். பையனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். மறுநாள் அம்மா ஜெனிஃபர் அவனைச் சுடப் பழக அழைத்துப் போனார். அப்புறம் அவன் வகுப்பில் உட்கார்ந்து போனில் தோட்டா தேடினதை டீச்சர் பார்த்துவிட்டார். பள்ளியிலிருந்து தகவல் வந்ததும் அம்மா பையனுக்கு என்ன மெசேஜ் அனுப்பினார் தெரியுமா? எனக்குக் கோபம் இல்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று.

அண்ணி: அடப்பாவி.

நான்: இன்னும் இருக்கிறது அண்ணி. சம்பவத்தன்று காலையில் கணக்குத் தாளில் துப்பாக்கி வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதி வைத்திருந்தான். பெற்றவர்களைப் பள்ளிக்கு வரவழைத்துக் காட்டினார்கள். இரண்டு பேரும் பார்த்துவிட்டு, அவனை அங்கேயே விட்டுப் போய்விட்டார்கள். துப்பாக்கி பைக்குள் இருந்தது.

அத்தை: 32 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் கேட்கிறேன். அப்படி ஒரு தாளைப் பார்த்த பிறகு அந்தப் பள்ளிக்கூடம் அவனை மறுபடி வகுப்புக்கு எப்படி அனுப்பியது? பையைத் திறந்து பார்க்க ஒருத்தர்கூட இல்லையா?

நான்: பார்க்கவில்லை அத்தை. பள்ளி எங்கெங்கே தவறவிட்டது என்று 2023ல் ஒரு தனி விசாரணை அறிக்கை பெரிசாகவே எழுதியது. ஆனால் பள்ளிக்காரர்கள் யார் மேலும் கிரிமினல் வழக்கு இல்லை. இங்கே இன்னும் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

அத்தை: அது சரியில்லை.

வக்கீல் சித்தப்பா: பெற்றவர்கள் மேல் என்ன பிரிவு போட்டார்கள்?

நான்: கொலை இல்லை சித்தப்பா. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது. நாலு உயிருக்கு நாலு குற்றச்சாட்டு, ஆளுக்கு. இங்கே அது ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், ஒவ்வொன்றுக்கும் 15 வருஷம் வரை போடலாம்.

வக்கீல் சித்தப்பா: நம்ம பழைய ஐபிசி 304ஏ மாதிரி. அதில் 2 வருஷம்தான் இருந்தது, புதுச் சட்டத்தில் 106 ஆக்கி 5 வருஷம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு இடம் இடிக்கிறதே. நடுவில் பையன் தானாக, வேண்டுமென்றே செய்த காரியம் இருக்கிறது. அங்கேயே காரண காரியச் சங்கிலி அறுந்துவிடும் என்று டிஃபன்ஸ் வாதாடியிருக்குமே?

நான்: அதேதான் வாதாடினார்கள். அவ்வளவு அறிகுறி கண்ணெதிரில் இருந்தபோது இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதனால் சங்கிலி அறவில்லை, விசாரணை நடக்கட்டும் என்று 2023 மார்ச்சில் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது.

வக்கீல் சித்தப்பா: ம். நல்ல பாயின்ட். எஃப்ஐஆர் போட்டது யார்?

நான்: இங்கே போலீஸ் விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும். யார் மேல் எந்தக் குற்றச்சாட்டு என்று முடிவு செய்வது கவுண்டி பிராசிகியூட்டர், அதாவது தலைமை அரசு வக்கீல், அலுவலகம். அப்போது கேரன் மெக்டொனால்ட். முன்னாள் நீதிபதி, 2020 தேர்தலில் ஜெயித்தவர். துப்பாக்கிச் சூடு நடந்து மூணாம் நாள், டிசம்பர் 3, பெற்றவர்கள் மேல் வழக்குப் போட்டுவிட்டார். அவர்கள் அன்றைக்கு கோர்ட்டுக்கு வரவில்லை. விடிவதற்குள் டெட்ராய்ட்டில் ஒரு கட்டடத்தில் பிடித்தார்கள்.

வக்கீல் சித்தப்பா: ஓட்டுக் கேட்டு வந்தவர் கையில் இவ்வளவு அதிகாரமா? நம்ம ஊரில் குற்றப்பத்திரிகை போடுவது போலீஸ், அரசு வக்கீலை (பி.பி.) நியமிப்பது அரசு. அதில் ஆயிரம் ஓட்டை. ஆனால் நாலு வருஷத்துக்கு ஒருதடவை ஜனங்கள் முன் போய் நிற்க வேண்டிய ஆள், ஊரே கொதிக்கும்போது நிதானமாக முடிவு எடுப்பாரா? அந்தப் பயம் எனக்கு இருக்கும்.

அண்ணன்: அந்தப் பயம் இல்லாத ஆள்தான் இங்கே நாலு வருஷம் ஃபைலைத் தூங்கப் போடுகிறார் சித்தப்பா 😄

நான்: சித்தப்பா சொல்வதும் சரிதான். இவர் போட்ட வழக்கு சட்டத்தை இழுத்து நீட்டுகிறது என்று இங்கே வக்கீல்களே பலர் சொன்னார்கள். துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம்கூட அப்போது மிச்சிகனில் இல்லை. 2024 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. ஆனால் ஜூரி, அதாவது பொதுஜனங்களிலிருந்து எடுத்த நடுவர்கள், 12 பேரும் ஒருமனதாக முடிவு சொல்ல வேண்டும், இரண்டு பேருக்கும் தனித்தனி ஜூரி. அம்மாவுக்கு 2024 பிப்ரவரியில், அப்பாவுக்கு மார்ச்சில், இரண்டிலும் குற்றவாளி என்றுதான் வந்தது.

அம்மா: கடைசியில் எத்தனை வருஷம்?

நான்: 10 முதல் 15. பத்து முடிந்தால்தான் பரோல் பேச்சே. ஏற்கெனவே உள்ளே இருந்த காலம் கழியும்.

வக்கீல் சித்தப்பா: நாலு தண்டனையும் ஏககாலத்தில்தானே?

நான்: ஆமாம். எனக்கு மறக்காதது அந்தப் பூட்டு. துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அப்பா வழக்கில் மெக்டொனால்டே அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்து, ஜூரி முன்னால் பூட்டை மாட்டிக் காட்டினார். சில விநாடி வேலை.

பெரியப்பா: நம்ம ஊரில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது? இதெல்லாம் அவர்கள் பாடு.

வக்கீல் சித்தப்பா: அண்ணே, துப்பாக்கி இல்லை. ஆணியில் ஸ்கூட்டி சாவி தொங்குகிறதே. உங்கள் பேரன் பதினொன்றாம் வகுப்பு, டியூஷனுக்கு எதில் போகிறான்?

அண்ணன்: ஐயய்யோ.

வக்கீல் சித்தப்பா: மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ, 2019ல் சேர்த்தது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. 3 வருஷம் வரை ஜெயில், 25,000 அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்தான் என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

அண்ணி: சித்தப்பா, அந்த வண்டி ஆர்சி மாமா பேரில்தான் இருக்கிறது.

அண்ணன்: அப்பா, ஆன்லைனில்தான் இருக்கிறீர்கள். தெரிகிறது 😂

பெரியப்பா: சரி சரி. நாளையிலிருந்து டியூஷனுக்கு நானே கொண்டுவிடுகிறேன்.

அண்ணி: உங்கள் லைசென்ஸ் போன வருஷமே முடிந்துவிட்டது மாமா. ரினியூ பண்ணச் சொல்லி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன்.

வக்கீல் சித்தப்பா: 😂😂

பெரியப்பா: ஆட்டோ சொல்லிவிடு.