செப்டம்பரில் மியூனிக் வரும் நண்பர்கள்: எங்கே கூட்டிப்போவது, எங்கே அனுப்பிவைப்பது?

சேலத்துப்பையன்:
கல்லூரித் தோழர்கள் இருவர் மனைவியரோடு செப்டம்பர் கடைசி வாரம் வருகிறார்கள். கூடவே ஒருவனின் அம்மாவும் ஏழு வயது மகளும். அம்மாவுக்கு முட்டி வலி, முட்டைகூடத் தொடாத சைவம். எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு, லீவும் கொஞ்சம்தான் கிடைக்கும். அவர்கள் அனுப்பிய பட்டியலில் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, சால்ஸ்பர்க், இன்ஸ்புருக் (இரண்டும் ஆஸ்திரியா), டாக்கவ் நாஜி வதைமுகாம், அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா, அப்புறம் "முடிந்தால் சுவிஸ்". எதை வைப்பது, எதை வெட்டுவது?

பொடிநடை:
சுவிஸை யோசிக்காமல் அடித்துவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓட்டல் தேவையென்றால் இன்றே பதிவு செய்யுங்கள். அக்டோபர்ஃபெஸ்ட் சமயத்தில் ஊருக்குள் அறை வாடகை எகிறிவிடும். ஆக்ஸ்பர்க் பக்கமும் பாருங்கள், ரயிலில் முக்கால் மணி நேரம்தான்.

இசார்க்கரை அக்கா:
தம்பி, எல்லா இடத்துக்கும் நீங்களே கூடப் போக வேண்டும் என்று யார் சொன்னது? நான் கோட்டைக்கு வருகிறவர்களை ரயிலேற்றிவிடுவதோடு சரி. லீவை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துச் சாதாரண ரயில்களுக்கான ஒருநாள் சீட்டு, ஒன்றில் ஐந்து பேர் போகலாம். பெற்றோருடன் போவதால் குழந்தைக்குத் தனியே வேண்டாம். உங்களிடம் டாய்ச்லாந்து டிக்கெட் (நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு) இருந்தால் உங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். பயர்ன் டிக்கெட்டில் போகும் எல்லார் பெயரும் அதில் இருக்க வேண்டும். வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும், ஐசிஇ அதிவேக ரயிலில் ஏறக் கூடாது. சால்ஸ்பர்க் வரை செல்லும், இன்ஸ்புருக்குக்குச் செல்லாது. அதனால் இன்ஸ்புருக்கையும் வெட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை விழா மைதானத்தின் பக்கமே போகாதீர்கள். அன்று விடிந்ததும் கோனிக்ஸே ஏரிக்குக் கிளம்புங்கள். எதிர்த் தண்டவாளத்தில் விழாவுக்கு வரும் தோல் கால்சட்டைக் கூட்டம் பிதுங்கிக்கொண்டு ஊருக்குள் வரும், உங்கள் ரயிலில் உட்கார்ந்து போகலாம். ஃப்ரைலாஸிங்கில் மாறி பெர்ஷ்டெஸ்காடன், அங்கிருந்து பேருந்து. ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுதான், சத்தமே இருக்காது. பாதி வழியில் படகை நிறுத்தி, படகுக்காரர் பாறைச் சுவரைப் பார்த்து ஊதுகொம்பில் நாலு சுரம் வாசிப்பார். ஒரு நொடி கழித்து மலை அதே நாலு சுரத்தைத் திருப்பி வாசிக்கும். உடனே தொப்பியை நீட்டிக்கொண்டு வருவார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நீங்கள் கட்டாயம் கூட இருக்க வேண்டும், குழந்தையின் முகத்தைப் பார்க்கவாவது.

அக்டோபர்ஃபெஸ்டுக்கு வார நாள் காலையில் போங்கள். நுழைவு இலவசம், பெரிய முதுகுப்பைக்கு அனுமதியில்லை. கூடாரத்தில் மேசையில் இடம் பிடித்து உட்கார்ந்தால்தான் பீர் வரும். டாக்கவ் வதைமுகாம் நினைவிடத்துக்குக் குழந்தை வேண்டாம், பெரியவர்கள் மட்டும் போய்வரட்டும்.

சேலத்துப்பையன்:
நன்றி அக்கா. ஆனால் கோட்டையைப் பார்த்தே தீருவேன் என்று அம்மாதான் பிடிவாதமாக இருக்கிறாராம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இசார்க்கரை அக்கா:
அப்படியென்றால் பார்க்கட்டும், ஆனால் கீழிருந்து. அடிவாரத்திலிருந்து அரைமணிக்கு மேல் ஏற்றம். குதிரை வண்டியும் வாசல் வரை போகாது, உள்ளேயும் படிகள் ஏராளம். பவேரியாவின் லுட்விக் மன்னர் 1869-ல் கட்டத் தொடங்கி, 1886-ல் இறக்கும்போதும் முடியாத வேலை அது. உள்ளே பார்ப்பது அரைமணி நேரம், படமெடுக்கவும் விடமாட்டார்கள். கீழே ஆல்ப்ஸே ஏரிக்கரையில் அம்மாவுக்குத் துணையாக ஒருவர் இருக்கட்டும். மற்றவர்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், டிக்கெட்டில் போட்ட நேரம் தவறினால் அவ்வளவுதான்.

சாப்பாடு: சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி) சைவம் என்பார்கள், அந்த மாவில் முட்டை உண்டு. இங்கே உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சிச் சாறு ஊற்றும் வழக்கம் உண்டு, கேட்காமல் வாங்காதீர்கள். பயணத்துக்குப் புளியோதரை கட்டிவிடுங்கள். ஞாயிறு கடை கிடையாது, பாலும் தயிரும் வெள்ளிக்கிழமையே வந்தாக வேண்டும், சனிக்கிழமைதான் நீங்கள் ஏரியில் இருப்பீர்களே.

பொடிநடை:
ஞாயிறு மழை பெய்தால் பினகோதெக் ஓவியக் கூடங்களுக்குப் போங்கள், அன்று ஒரே யூரோதான்.