கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் காரில்: இரவில வெளிக்கிடுறதோ, விடியப்புறமோ?

வெள்ளவத்தை_அக்சியோ:
நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போறம். கார் 2014 அக்சியோ ஹைபிரிட். மனுசி, நாலு வயசு மகள், அப்பா, அம்மா, நான். ஓடுறது நான் ஒராள்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு இரவு 9 மணிக்கு வெளிக்கிட்டால் றோட்டில சனம் குறைவு எண்டு வீட்டில சொல்லுகினம். எனக்கு மனம் ஒப்பேல்லை. பாதை நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா. சேர்விஸ் போன மாதம் செய்தாச்சு. வேற என்ன பாக்கோணும்?

ஏ9_ஓட்டி:
இரவு வேண்டாம். பகல் முழுக்க வேலை செய்த உடம்போட 9 மணிக்கு வெளிக்கிட்டால் வவுனியா தாண்ட ரெண்டு, ரெண்டரை ஆகும். உடம்பு நித்திரையைக் கேக்கிற நேரமும் அதுதான், யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டு நேர்கோடாப் போற இடமும் அதுதான். 70 இல ஓடேக்க மூண்டு செக்கன் கண் மூடினால் கார் கிட்டத்தட்ட 58 மீற்றர் தன்பாட்டில போகும்.

சனிக்கிழமை விடிய 4 மணிக்கு வெளிக்கிடுங்கோ. வெள்ளிக்கிழமை 9 மணிக்குப் படுத்திருக்கோணும், அதில விட்டுக்குடுப்பு இல்லை. கட்டுநாயக்க அதிவேகப் பாதையால இறங்கி, சிலாபம் தாண்ட வெளிச்சம் வந்திடும். புத்தளத்தில காலைச் சாப்பாடு. அங்கயிருந்து நொச்சியாகம மட்டும், முக்கியமா கருவலகஸ்வெவப் பக்கம், யானை குறுக்க வரும் றோட்டு. அதை நல்ல வெளிச்சத்தில கடக்கிறதுக்காகத்தான் இந்தக் கணக்கு. யானையின்ர நிறம் லைற் வெளிச்சத்தை விழுங்கிப்போடும், கண்ணோ டிம் லைற் படுற உயரத்துக்கு மேல. மாட்டின்ர கண் மினுங்கிற மாதிரி அது மினுங்காது. கண்டால் தூரத்திலயே நிப்பாட்டுங்கோ. ஹோர்ன், டிப் லைற் ரெண்டும் வேண்டாம். எஞ்சினை நிப்பாட்டாமல், தேவைப்பட்டால் மெல்லப் பின்னுக்கு எடுங்கோ.

ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 15 நிமிசம் இறங்கி நடவுங்கோ. கண் கனத்தால் ஜன்னலைத் திறக்கிறதும் பாட்டைக் கூட்டுறதும் ஒண்டுக்கும் உதவாது. ஒரு கோப்பி குடிச்சிட்டு உடனயே 20 நிமிசம் படுங்கோ. கோப்பி வேலை செய்யத் தொடங்க எப்பிடியும் அரை மணித்தியாலம் கிட்டப் போகும், எழும்பேக்க ரெண்டும் சேர்ந்து வரும்.

டயர்_தம்பிராசா:
சேர்விஸ் எண்டால் இங்க பல இடத்தில ஒயிலும் பில்டரும்தான். டயரை நீங்களே பாருங்கோ, அதுவும் ஒரு கிழமை முந்தி. முதல் நாள் பாத்தால் புது டயர் தேட நேரம் இல்லை.

டயர்ப் பக்கத்தில டி.ஓ.ரி. எண்ட எழுத்துக்குப் பிறகு வாற கடைசி நாலு இலக்கம்தான் வயசு. 2319 எண்டால் 2019 ஆம் ஆண்டு 23 ஆவது கிழமை. ஆறு வருசம் தாண்டினது, பூ (றோட்டில படுற மேல்வரி) இருந்தாலும், ஏ9 வெய்யிலுக்கு வேண்டாம். பூக்களுக்கு நடுவில சின்ன மேடு இருக்கும்; அதோட மட்டமாத் தேஞ்சால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம், மழையில வழுக்கும்.

காத்து எவ்வளவு எண்டது டிரைவர் கதவுத் தூணில ஒட்டியிருக்கு. ஜப்பான் கார் எண்டதால கிலோபாஸ்கலில இருக்கும்: 220 எண்டால் 32 பி.எஸ்.ஐ., 240 எண்டால் 35. காலமை, ஓட முந்தி, குளிர்ந்த டயரில பாருங்கோ. ரெண்டு மணித்தியாலம் ஓடினாப் பிறகு நாலு, அஞ்சு பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும். அதைக் கண்டு பயந்து காத்தைத் திறந்து விடுறவை கனபேர். பிறகு குளிர்ந்த டயர் காத்துக் குறைஞ்சு நிக்கும், ஓடேக்க பக்கச் சுவர் கூட மடிஞ்சு சூடேறும், வெடிக்கிறது அப்பிடித்தான். பெற்றோல் செட் மீற்றரை நம்பாமல் ஒரு சின்ன கேஜ் வாங்கி வையுங்கோ.

டிக்கித் தளத்தையும் தூக்கிப் பாருங்கோ. ஸ்பெயார் டயருக்குப் பதில் பஞ்சர் கிட் இருந்தால், அதில இருக்கிற பசைப் போத்தலில காலாவதித் திகதி முடிஞ்சிருக்கும், பந்தயம். அந்தப் பசை பூவில குத்தின ஆணிக்குத்தான், பக்கச் சுவர் கிழிஞ்சால் சரிவராது. மெல்லிய ஸ்பெயார் எண்டால் காத்து 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ., வேகம் 80 ஐத் தாண்டக் கூடாது.

ஹைபிரிட்_மருதானை:
பின் சீற்றுக்குக் கீழே ஹைபிரிட் பற்றரி காத்து இழுக்கிற சல்லடை இருக்கிறது. அப்பா அம்மாவின் பையோ போர்வையோ அதை மூடினால் பற்றரி சூடாகும். முதலில் விசிறி இரைகிற சத்தம் பின்னாலிருந்து கேட்கும், பிறகு முக்கோண எச்சரிக்கை லைற் வரும். சல்லடையைக் கழற்றி, தூசியை வக்யூமால் இழுத்துவிட்டுப் பயணம் போங்கள். நாய், பூனை வளர்க்கிற வீடு என்றால் கட்டாயம்.

கூலண்ட் இரண்டு இடத்தில் உண்டு, எஞ்சினுக்கு ஒன்று, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றமாதிரி மாற்றுகிற இன்வேட்டருக்கு ஒன்று. கராஜில் இரண்டாவதை மறந்துவிடுவார்கள். குளிர்ந்திருக்கும்போது இரண்டு குறிகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். சூடான றேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

பாரம் ஏறினால் கார் பின்னால் தாழ்ந்து, முன் லைற் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஸ்டியறிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 5 வரை எண்ணுள்ள சின்னச் சில்லு இருந்தால் அதை 2 அல்லது 3 இல் வையுங்கள். திரும்பி வரும்போது எப்படியும் இருட்டுப்படும்.

வெள்ளவத்தை_அக்சியோ:
எல்லாருக்கும் நன்றி. அப்ப விடிய 4 மணிதான். டிக்கியைத் தூக்கிப் பாத்தன், பஞ்சர் கிட்தான், போத்தல் 2018 இலயே முடிஞ்சுது! 15 இஞ்சி ஸ்பெயார் ஒண்டு இரவல் எடுக்கிறன். மகளை அம்மாவின்ர மடியில வைக்கலாமோ? அவளுக்குக் காரில சத்தியும் வரும்.

ஏ9_ஓட்டி:
மடியில வேண்டாம். இடிபட்டால் 15 கிலோப் பிள்ளையைக் கையால பிடிச்சு நிப்பாட்ட எவராலும் ஏலாது. பின் சீற்றில பிள்ளைச் சீற் பூட்டுங்கோ. பின்னால இருக்கிற பெரியாக்களும் பெல்ட் போடோணும்.

சத்திக்கு வெறும் வயிறும் கூடாது, நிறைஞ்ச வயிறும் கூடாது. போன் பாக்க விடாமல் முன்னுக்குப் பாக்கச் சொல்லுங்கோ. மருந்து குடுக்கிறதெண்டால் டொக்டரிட்டக் கேட்டு அளவு எடுங்கோ. நீங்கள் மட்டும் தடிமன், அலர்ஜிக்குப் போடுற பிரிட்டன் குளிசையோ, சத்திக்குளிசையோ போட்டிட்டு ஸ்டியறிங்கைத் தொடாதேங்கோ. ரெண்டும் நித்திரை தூக்கும். ஏசியை உள்காத்திலயே விட்டு ஓடினாலும் அஞ்சு பேரின்ர மூச்சில மந்தமாகும், இடைக்கிடை வெளிக்காத்துக்கு மாத்துங்கோ.

கார் பழுதாகி நிண்டால் எல்லாரையும் இடப்பக்கத்தால இறக்கி றோட்டை விட்டு விலத்துங்கோ. எச்சரிக்கை முக்கோணப் பலகையை 60 அடி எடுத்து வைக்கிற தூரத்துக்குப் பின்னால வையுங்கோ. ஹசார்ட் லைற் நிக்கேக்க மட்டும். மழைக்குள்ள அதைப் போட்டு ஓடினால் நீங்கள் திரும்பப் போறது ஒருத்தருக்கும் தெரியாது. அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அதிவேகப் பாதையில 1969.

டயர்_தம்பிராசா:
இரவல் எடுக்கிற ஸ்பெயாருக்கு ஓட்டை அஞ்சோ நாலோ எண்டும், உங்கட நட் அதில இருக்குதோ எண்டும் போட்டுப் பாத்தே கொண்டு வாங்கோ. இன்னொண்டு: டயர்க் கடையில காத்துத் துவக்கால இறுக்கின நட், காரோட வாற, நட் கழற்றுற சின்ன பிறேசுக்கு அசையாது. வீட்டு வாசலிலயே ஒவ்வொரு சில்லிலயும் ஒரு நட்டைக் கழற்றிப் பாருங்கோ. அசையேல்லை எண்டால் கடையில எல்லாத்தையும் இளக்கி, கையால, குறுக்குக் குறுக்கா இறுக்கச் சொல்லுங்கோ. மனுசி பிறேசில ஏறி நிண்டால்தான் கழரும் எண்ட அளவு இறுக்கம் கூடாது.